படைத்தால் மட்டும் சாப்பிட்டவள்

மனநலப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் மருந்தைப் பற்றியோ ஊசியைப் பற்றியோ நான் பேசப்போவதில்லை. நான் நர்ஸாக இருந்த காலத்திலிருந்து அதெல்லாம் எவ்வளவோ மாறிவிட்டது. என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் வயதானவர் ஒருவர் விபரீதமாக எதையாவது சொல்லத் தொடங்கினால் வீட்டார் சொல்கிற பதில் மட்டும் இன்னும் மாறவில்லை. "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்பார்கள். இல்லாவிட்டால் "ஏதோ புடிச்சிருக்கு" என்பார்கள். இரண்டுமே ஆளை நம் வாசலுக்கு வரவிடாத பேச்சு. சின்னப்பொண்ணு அம்மாள் விஷயத்தில் ஊரே இரண்டாவதைச் சொன்னது. ஒரு மத்தியான வேளையில் நானும் அதை நம்பும் நிலைக்குப் போனேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

தஞ்சாவூரில் எங்கள் ஆஸ்பத்திரிப் புறநோயாளிப் பிரிவில் ஒரு நாள் முருகையன் என்பவர் வந்து நின்றார். நாற்பதை நெருங்கும் வயது, வயல் வேலை செய்த உடம்பு. கூட நோயாளி யாரும் இல்லை. எங்கள் பெரிய டாக்டர் அதிகம் பேசாதவர். தலையைத் தூக்காமலே கேட்டார்.

"நோயாளி எங்கப்பா?"

"வீட்டுல இருக்குங்க. எங்கம்மா."

"என்ன பண்ணுது அவங்களுக்கு?"

முருகையன் துண்டின் முனையை விரலில் சுற்றினார். "செத்துப்போயிட்டதா சொல்லுதுங்க."

"யாரு செத்துப்போயிட்டதா?"

"அதுதாங்க. தான் செத்துப்போச்சுன்னு அதுவே சொல்லுது."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை.

"சாப்பிடுறாங்களா?"

அந்தக் கேள்வி வந்துவிடக் கூடாதே என்றுதான் அவர் அதுவரை பயந்துகொண்டிருந்தார் போலிருக்கிறது. குரல் இறங்கிவிட்டது.

"படைச்சா சாப்பிடுதுங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

அவர் வேறு எதையும் கேட்டிருக்கலாம். எத்தனை நாளாய், குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்றெல்லாம் கேட்க வழி இருந்தது. வயதானவர் என்றதும் முதலில் சாப்பாட்டைக் கேட்டார். பேச்சு எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் அது மெதுவாகத்தான் ஆளைக் கொல்லும். பட்டினி சீக்கிரம் கொல்லும்.

முருகையன் சொன்னது இதுதான். சில மாதங்களாக அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. வேலைக்குப் போவதை நிறுத்திக்கொண்டது. குடல் காய்ந்துவிட்டது, வயிறே இல்லை என்றது. பிறகு, நான் செத்துவிட்டேன், எனக்கு எதற்குச் சோறு என்று தட்டைத் தள்ளிவிட்டது. அமாவாசையன்று முருகையனின் செத்துப்போன அப்பாவுக்குப் படைத்துவிட்டு வந்து பார்த்தால் இலை காலி. பூனை என்று நினைத்தார்கள். பூனை இல்லை, அம்மாதான். அதிலிருந்து அவர் மனைவி வசந்தா, மாமியாருக்குத் தினமும் உச்சி வேளையில் படைக்க ஆரம்பித்திருக்கிறாள்.

டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க சிஸ்டர். உசுரோட இருக்கீங்க, சாகலன்னு அவங்களோட வாதாடாதீங்க. அதே சமயம் ஒரு பொய்யும் சொல்லாதீங்க."

"ரெண்டும் கூடாதுன்னா நான் என்ன சார் பேசுறது?"

"அது அங்க போனாத்தான் தெரியும்" என்றார்.

நீடாமங்கலத்தில் பஸ் மாறி, இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்தோம். அந்த வருஷம் காவிரியில் தண்ணீர் தாமதம். வாய்க்கால் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தெருவுக்குள் நுழைந்தபோது ஒரு குழந்தைகூட வெளியில் இல்லை. அரசாங்கம் கட்டிக் கொடுத்த காலனி வீடுகள். எல்லா வீட்டுக் கதவும் திறந்திருந்தது. முருகையன் வீட்டுக்கு இரு பக்கத்து வீடுகள் மட்டும் சாத்தியிருந்தன.

வசந்தா உள்ளூர்ச் சத்துணவுக்கூடத்தில் சமைக்கிறவள். ஓட்டமும் நடையுமாக வந்து, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் முதலில் இலை போட்டாள். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, ஒரு துண்டு கருவாடு, வெற்றிலை பாக்கு. கற்பூரம் காட்டினாள். "அத்தை, எங்க மேல குத்தம் கொறை இருந்தா பொறுத்துக்கிட்டு வந்து எடுத்துக்குங்க" என்று விழுந்து கும்பிட்டாள். அப்புறம் எங்களை வெளியே வரச் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

செத்தவர்களுக்குப் படைத்தால் அவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று கொஞ்ச நேரம் கதவைச் சாத்தி வைப்பது நமக்கெல்லாம் தெரிந்த வழக்கம்தான். சாத்திய கதவுக்குப் பின்னால் ஒரு சத்தமும் கேட்காது என்பதும் தெரியும்.

அன்றைக்குக் கேட்டது. கொல்லைக் கதவு கிறீச்சிட்டது. கால் இழுத்து நடக்கிற ஓசை. பிறகு இலை சரசரத்தது. முருகையனும் வசந்தாவும் கதவுக்கு முதுகைக் காட்டி, தலையைக் குனிந்து நின்றார்கள். தெரு முழுக்க வெயில். எங்கும் ஒரு காக்கை சத்தம்கூட இல்லை. உள்ளே ஒருத்தி மென்று விழுங்குவது மட்டும் தெளிவாகக் கேட்டது. நானும் கதவுப் பக்கம் திரும்பாமல்தான் நின்றேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

சாப்பிட்டு முடித்து அந்த அம்மாள் கொல்லையில் வைக்கோல் போர் நிழலில் போய் உட்கார்ந்தது. எலும்பும் தோலுமான உடம்பு. ஆனால் கண் மங்கவில்லை, பேச்சு குழறவில்லை.

"யாரு தாயி நீ?"

"தஞ்சாவூர் ஆஸ்பத்திரிலேர்ந்து வர்றேம்மா."

"செத்தவளுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?"

நான் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி மெலிவாக, ஆனால் ஒழுங்காக ஓடியது.

"ஓடுதா?" என்று கேட்டது.

"ஓடுதும்மா."

"அது என்னுது இல்ல."

"வேற யாருதும்மா?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். ஒருத்தரும் சொல்ல மாட்டேங்குறாங்க." பிறகு மகனைக் காட்டியது. "நான் சொல்றது நம்பிக்கை இல்லன்னா இவனைக் கேளு. மொட்டை போட்டுக்கிட்டு எனக்குக் கருமாதி பண்ணினவன் இவன்தான்."

மகன் மறுப்பார் என்று திரும்பிப் பார்த்தேன். "ஆமாங்க சிஸ்டர்" என்றார்.

முதலில் சொன்னேனே, அந்த மத்தியானம் அதுதான். என் விரலுக்கு அடியில் துடித்துக்கொண்டிருந்தது. அது யாருடையது என்று ஒரு கணம் எனக்கும் சந்தேகமாகிவிட்டது. கையை எடுத்துவிடலாமா என்று தோன்றியது. எடுக்கவில்லை. உங்களுக்கும் அப்படி ஒரு வேளை வரும். பயம் வந்தால் தப்பில்லை. பிடித்த கையை விடக் கூடாது, அவ்வளவுதான்.

முருகையன் என்னை வாசல் பக்கம் அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னார். அவருக்கு மீசை அரும்பிய வயதில் அந்தப் பக்கம் கூலிச் சண்டை பெரிதாக நடந்தது. ஆட்சி மாறியிருந்தது, கூலி ஏறும், நிலம் கிடைக்கும் என்று பேச்சு. தெருவில் செங்கொடி ஏறியது. மிராசு வீட்டில் கூலியை ஏற்ற மறுத்தார்கள்; அறுப்பின்போது வேலைநிறுத்தம். ஒரு நாள் அடிதடியாகி, போலீஸும் வந்து, தெருவே நாலா பக்கமும் சிதறி ஓடியது. அடைமழை, வாய்க்கால் கரை புரண்டு போகிற நேரம். ஓடியவர்களில் சின்னப்பொண்ணு மட்டும் திரும்பவில்லை. பல நாள் கழித்து மதகில் ஒரு பெண் பிணம் ஒதுங்கியது. முகம் தெரியவில்லை. மகன் பார்த்து, அம்மாதான் என்றான். புதைத்துக் கருமாதியும் முடித்தார்கள். மிராசு வீட்டு ஆட்கள் மேல் கொலைக் கேஸ் ஆனது.

"அப்புறம் ஒரு நாள் அம்மா நடந்து வந்துச்சுங்க. பயந்து ஓடி, அதிராம்பட்டினத்துல ஒரு மரைக்காயர் வீட்டுல நெல்லு குத்திக்கிட்டு இருந்திருக்கு. ஊரே கட்டிப் புடிச்சு அழுதுச்சு. செத்தவளே நடந்து வந்துட்டாளேன்னு மிராசு வீட்டுல சிரிச்சாங்க. கேஸு அத்தோட போச்சு."

"அப்ப நீங்க பொதைச்சது யாரை?"

முருகையன் வேட்டியை மடித்துக் கட்டத் தொடங்கினார். மேலே கேட்க நேரம் இல்லை. தெருப் பெரியவர்கள் வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் தெருவுக்கு நாட்டாமை.

"நர்ஸம்மா, நீங்க படிச்சவங்க. ஆனா இது உங்க விஷயம் இல்ல. அன்னைக்கி வந்தது சின்னப்பொண்ணே இல்லன்னு இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. தண்ணி வரல. ரெண்டு புள்ளைங்களுக்குக் காய்ச்சல். பூசாரி சொல்லிட்டாரு, படைக்கிறதை நிறுத்துங்க, பசியில தானா வெளியேறிடும்னு."

"நாளையிலேர்ந்து நிறுத்தணுமாம்" என்றாள் வசந்தா. அதுவரை அடக்கி வைத்திருந்தவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "அதுக்குச் செத்துப்போச்சுன்னு ஒரு நெனைப்பு. இவங்க நெசமாவே சாகடிச்சுடுவாங்க சிஸ்டர்."

பார்த்துவிட்டு வா என்றுதான் என்னை அனுப்பியிருந்தார்கள். திரும்பிப் போய்ச் சொல்லி, மறுநாள் வண்டியோடு வருவதுதான் முறை. ஆனால் அந்த உடம்பு இன்னும் எத்தனை வேளை தாங்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கே கூட்டிப் போவது என்று முடிவு செய்தேன். நாட்டாமையிடம் சொன்னபோது அவர் முகத்தில் நிம்மதிதான் தெரிந்தது.

கிளம்ப மறுத்தது அந்த அம்மாள்தான். "செத்தவ எங்கயாச்சும் பஸ் ஏறுவாளா?" என்றது. தூக்கிப் போகலாம் என்றார் முருகையன். பூசாரி வரச் சொன்னதாகச் சொல்லலாம் என்றார் இன்னொருவர். அந்தப் பொய் வேலை செய்திருக்கும். வார்டில் வந்து இறங்கியதும் உடைந்திருக்கும். அதன் பிறகு என் கையால் ஒரு மாத்திரை வாங்கிச் சாப்பிடுமா?

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அம்மா, நீங்க உசுரோட இருக்கீங்கன்னு நான் சொல்ல வரல. யாருன்னு கேட்டா ஒருத்தரும் பதில் சொல்லலன்னு சொன்னீங்க இல்ல? எங்க டாக்டர்கிட்ட அதைச் சொல்றேன். அவர் கேப்பாரு. கேட்டுட்டுத்தான் விடுவாரு. எனக்கு அவரைத் தெரியும்."

ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தது. "கேப்பாரா?" என்றது. பிறகு தரையில் கை ஊன்றி எழுந்தது.

ரோட்டில் நின்ற எங்களை ஏற்றிக்கொண்டது அதிராம்பட்டினத்திலிருந்து மீன் ஏற்றி வந்த வேன் ஒன்றுதான். டிரைவர் முன் ஸீட்டைத் துடைத்துவிட்டு, "ஏறுங்க பாட்டியம்மா" என்றார்.

"நான் செத்தவ தம்பி."

"நம்ம வண்டியில வர்ற எல்லாம் அப்படித்தான் பாட்டியம்மா. ஏறுங்க" என்றார் அவர், பின்னால் இருந்த மீன் பெட்டிகளைக் காட்டி. அவருக்கு விவரம் ஒன்றும் தெரியாது. நான் மட்டும் சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

டாக்டர் பார்த்ததும் சொல்லிவிட்டார். முதுமையில் வருகிற கடுமையான மனச்சோர்வு. அது முற்றினால், உடம்பு அழுகிவிட்டது, நான் இறந்துவிட்டேன் என்று நம்பவைக்கும். மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும்; அதுவரை உடம்பு தாங்காது. மயக்கம் கொடுத்துச் செய்கிற மின்சிகிச்சைதான் வழி என்றார். மயக்க மருந்து டாக்டர் இதயத்தைப் பார்த்துத் தயங்கினார். இருவரும் வராந்தாவில் நின்று வெகு நேரம் பேசினார்கள். முதலில் கொஞ்சம் தண்ணீரும் சோறும் உள்ளே போகட்டும், பிறகு ஆரம்பிக்கலாம் என்று முடிவானது.

சோறு எப்படிப் போகும்? வார்டுக்குள் படைக்க முடியுமா? இரண்டு நர்ஸுகள் அந்தக் கட்டில் பக்கமே போகமாட்டோம் என்றார்கள். டாக்டர் வசந்தாவைக் கூப்பிட்டு, "கற்பூரம் வேண்டாம். இலையைப் போட்டு, வச்சிட்டு, நீ வெளிய வந்துடும்மா. ஸ்க்ரீனை மறைச்சிடுங்க" என்றார். எங்களிடம், "யாரும் அவங்களைச் செத்தவங்கன்னு சொல்ல வேண்டாம். சோத்துக்குப் பேரும் வைக்க வேண்டாம். உள்ள போகட்டும்" என்றார்.

சிகிச்சை தொடங்கிச் சில வாரம் ஆகியிருக்கும். ஒரு காலை நான் காப்பியை வைத்துவிட்டு வழக்கம்போல் திரும்பினேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏம் பொண்ணு, இதுல சக்கரையே இல்லியே?"

நான் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தேன். வேலையில் இருந்த அத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒன்றும் அந்தக் குறைபோல இனிக்கவில்லை.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டியது வருகிறது. சின்னப்பொண்ணு தட்டில் சாப்பிட்டது, தூங்கியது, பக்கத்துக் கட்டில்காரியிடம் வம்பு பேசியது. ஆனால் "அந்தப் பொம்பள யாரு?" என்று கேட்பதை மட்டும் விடவில்லை. அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த இளம் டாக்டர் ஒருவர், எண்ணம் முழுசாகப் போகவில்லை, சிகிச்சையை இன்னும் நீட்டலாம் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பெரிய டாக்டர் கட்டில் ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். முருகையனும் நின்றார்.

"அம்மா, நீங்க உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேனே. இல்லாட்டி இந்தக் காப்பியை யாரு குடிக்கிறா?"

"அப்ப செத்தது யாரும்மா?"

"அதை இவன்தான் சொல்லணும்" என்று மகனைப் பார்த்தது.

டாக்டரும் அவரைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. காத்திருந்தார். முருகையன் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்.

"நம்ம ஆளு இல்லம்மா. வேலைநிறுத்தத்தை ஒடைக்க மிராசு வெளியூர்லேர்ந்து அறுப்புக்குக் கூட்டியாந்த ஆளுங்கள்ல ஒருத்தி. அடிதடியில அவளும்தான் ஓடியிருக்கா. யாரு வெரட்டினாங்களோ, நம்ம ஆளுங்களோ அவங்க ஆளுங்களோ. பொணத்தைப் பாத்ததுமே எனக்குத் தெரியும். கையில பச்சை குத்தியிருந்துச்சு. சங்கத்துல ஒருத்தரு தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரு: யாருன்னே தெரியாத பொணம்னா ஆத்தோட வந்ததுன்னு மூடிடுவாங்க, உங்கம்மான்னு சொன்னா கேஸு நிக்கும்னு. நீயும் எங்கயோ செத்துட்டேன்னுதான் நெனைச்சேன். சொல்லிட்டேன்."

சின்னப்பொண்ணு மகனின் கையைப் பிடித்து இழுத்துக் கட்டிலில் உட்கார வைத்தது.

"எனக்குத் தெரியும்டா. என் கையில பச்சை இல்லன்னு உனக்குத் தெரியாதா? பொணத்தைக் குளிப்பாட்டின பொம்பளைங்க நான் திரும்பி வந்தப்பவே எங்கிட்ட சொல்லிட்டாளுங்க. நான்தான் உன்னைக் கேக்கல. கேட்டா நீ பதில் சொல்லணுமேன்னு இருந்துட்டேன். எம் பேருல ஒருத்தி அங்க கெடந்தா. நான் திரும்பி வந்ததுல அவளுக்கு இருந்த கேஸும் போச்சு. அவ சனங்க தேடி வந்தப்பகூட, இதுதான் அவளைப் பொதைச்ச மேடுன்னு ஒருத்தரும் காட்டல." பிறகு கேட்டது: "பச்சையில என்ன போட்டிருந்துச்சு?"

"காத்தாயின்னு. அவ பேரோ, அவ பெத்த புள்ள பேரோ."

பெரிய டாக்டர் எழுந்தார். வராந்தாவில் இளம் டாக்டரின் தோளில் கை வைத்து, "சீக்கு போயிடுச்சு. இது சீக்கு இல்ல. இதுக்கு மருந்து எழுதாதீங்க" என்றார். அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று எந்தப் பாடப்புத்தகமும் உங்களுக்குச் சொல்லாது. நோய் பயிர் செய்த நிலம் ஒன்று அடியில் இருக்கும். பயிரை அறுத்துவிடலாம். நிலம் அந்த நோயாளியுடையது.

ஊருக்குத் திரும்பக் கூட்டிப்போவது லேசாக இல்லை. சின்னப்பொண்ணு வண்டி ஏறின மறுவாரமே வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்று தெருவே பேசிக்கொண்டிருந்தது. குடகில் மழை பெய்து மேட்டூர் நிறைந்ததை யாரும் பேசவில்லை. நானும் கூடப் போனேன். நாட்டாமை தூரத்திலேயே நின்றார். சின்னப்பொண்ணு நேராக அவரிடம் போய், "ஒரு காரியம் பாக்கி கெடக்குதுய்யா. அதை முடிச்சுட்டா எல்லாரும் நிம்மதியா இருக்கலாம்" என்றது. அவர் மறுக்கவில்லை. பயத்தில் சரி என்றாரா, மனசு இளகிச் சரி என்றாரா, தெரியாது.

மதகுப் பக்கம், புதைத்த இடம் என்று முருகையன் காட்டிய மேட்டில், ஒரு முற்பகலில் இலை போட்டார்கள். தெருவே வந்திருந்தது, யாரும் கிட்டே வரவில்லை. சுற்றிலும் வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. முருகையன் தலையை மழித்திருந்தார். வாய்க்கால் தண்ணீரில் இடுப்பளவு நின்று, இத்தனை வருஷமாக வாயில் வைத்திருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"காத்தாயி!"

ஒன்றும் இல்லை. தண்ணீர் ஓடியது. இரண்டாவது முறை கூப்பிட்டார். மூன்றாவது முறை குரல் உடைந்து, சத்தமாகவே வந்தது.

"காத்தாயீ!"

"என்னா?"

பதில் வந்தது. ஒரு பெண்ணின் குரல். கூட்டம் அப்படியே பின்வாங்கியது. வசந்தா என் கையை இறுக்கிப் பிடித்தாள். முருகையன் தண்ணீருக்குள் அசையாமல் நின்றார்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்க வயலில், நடவு வரிசையில் ஒரு சின்ன வயதுப் பெண் நிமிர்ந்து, கையில் நாற்று முடியோடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடவுக்காக வெளியூரிலிருந்து வந்திருந்த கூட்டம். நம் பக்கத்தில் அந்தப் பேர் தெருவுக்குத் தெரு உண்டு.

"யாரு கூப்பிட்டது? என்னையா கூப்பிட்டீங்க?" என்று மறுபடியும் கேட்டாள்.

சின்னப்பொண்ணு மட்டும் கரை விளிம்புவரை நடந்து போனது. கையைக் கண்ணுக்குக் குடையாகப் பிடித்து, அந்தப் பெண்ணை ஆசை தீரப் பார்த்தது.

"உன்னை இல்லம்மா" என்றது. "நீ நல்லா இரு. வேலையைப் பாரு."